புடைப்பு பற்றி மட்டும்

ஜூலை 8, செவ்வாய்

டாக்டர், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டே கால். ஆதன் இப்போதுதான் தூங்கினான். தூங்கினானா, என்னை ஏமாற்றுகிறானா என்பது இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரியும். பகலில் எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறான். (மூடி பெரியது, விழுங்க முடியாது. அளந்து பார்த்துவிட்டேன்.)

புடைப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, தினமும் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னீர்கள். இதோ.

காலை 7.10: வலது தொடை இடுக்கில் புடைப்பு. பெரிய நெல்லிக்காய் அளவு. அழுதபோது வந்தது. 7.25க்கு உள்ளே போய்விட்டது.
மாலை 5.40: மறுபடியும். சின்ன நெல்லிக்காய். ஆறு நிமிடம்.

நீங்கள் இன்று சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். இது குடலிறக்கம். தானாகச் சரியாகாது. பத்து மாதக் குழந்தை என்றாலும் செய்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான். சிக்கல் வருவது நூற்றில் ஒன்று. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தேதி கொடுப்பீர்கள்.

படிவம் என் பையில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஜூலை 9, புதன்

உங்கள் பதில் வந்தது: “செ.மீ.-இல் எழுதவும்.” உண்மைதான், எல்லார் வீட்டு நெல்லிக்காயும் ஒரே அளவில் இருக்காது.

ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனதை மாமா பார்த்துவிட்டார். மாமா என்றால் என் மாமனார். முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பெற்றோர் வைத்த பெயர் மாரிமுத்து. இருபது வயதில் தானே வைத்துக்கொண்டது மெய்யறிவன். தன் மகனுக்குக் கெப்ளர் என்று பெயர் வைத்தார். அந்தக் கெப்ளர்தான் என் கணவர், மஸ்கட்டில் கட்டடக் கம்பெனியில் இருக்கிறார்.

“ஏம்மிணி, ஸ்கேல்ல அளந்தா ஒரு மில்லிமீட்டர் பிழை வருமே. டாக்டரம்மா நம்மள என்ன நெனைப்பாங்க?” என்று சொல்லிவிட்டுத் தன் வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்தார். காலிப்பரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, ஆற வைத்து, முனைகளில் பஞ்சு சுற்றுவதற்குள் புடைப்பு உள்ளே போய்விட்டது. அடுத்த அழுகைக்காக இருவரும் அரை மணி நேரம் ஆதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மாலை 6.05: 2.34 செ.மீ. (பஞ்சின் தடிமன் கழித்து.) ஒன்பது நிமிடம்.

படிவம் நாளை.

ஜூலை 10, வியாழன்

“புடைப்பு பற்றி மட்டும் எழுதவும்” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். சரி டாக்டர்.

2.31 செ.மீ. எட்டு நிமிடம்.

ஜூலை 12, சனி

2.40. பதினொரு நிமிடம்.

புடைப்பு பற்றி மட்டும்தான் எழுதுகிறேன், ஆனால் புடைப்பு ஒரு வீட்டில் இருக்கிறது அல்லவா. இந்த வீட்டில் சாமி படம் கிடையாது. பூஜை அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் சனிக்கிரகத்தின் வண்ணப்படம் ஒன்றைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் மாமா. காங்கேயத்திலிருந்து என் அக்கா பூங்கோதை வந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்காரவே மாட்டாள். தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் அச்சிட்ட வரியை மாமா விடிந்ததும் கறுப்புப் பேனாவால் அடித்துவிடுவார். ஆறு வருடத்துக்கு முன் அத்தை, அதாவது என் மாமியார், இறந்த அன்று காலையும் அடித்தாராம்.

இன்று அக்கா போன் செய்தாள். “பூ கேட்டியா கோகிலா?”

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதற்கும் குலதெய்வத்திடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

“டாக்டரே சொல்லிட்டாங்க அக்கா.”

“டாக்டரு சொல்றது டாக்டரு சொல்றது. பொண்ணு பாக்கறதுக்கு, ஊடு கட்டறதுக்கு, போர் போடறதுக்கெல்லாம் கேக்கறோம். பச்சப் புள்ள மேல கத்தி வெக்கறதுக்குக் கேக்க வேண்டாமா?”

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை டாக்டர். எம்.எஸ்ஸி. புள்ளியியல். ஆதன் பிறக்கும்வரை மூன்று வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள். கேட்டு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றைய படத்தின் ஓரத்தில் மஞ்சளாக இருப்பது மருந்தா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது துணி. ஒற்றை ரூபாய்க் காசு தொலைந்துவிடக் கூடாது என்று அதில் முடிந்து வைத்திருக்கிறேன். படிவமும் கூடவே இருக்கிறது. அதுவும் தொலையக் கூடாது.

ஜூலை 14, திங்கள்

2.38. பன்னிரண்டு நிமிடம்.

படிவம் பற்றி நர்ஸ் போன் செய்தார். கொண்டுவரலாம் என்றுதான் கிளம்பினேன். நான்காவது பத்தியில் “எதிர்பாராத” என்று ஒரு சொல் இருக்கிறது. எதிர்பாராதது என்னென்ன என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

நூற்றில் ஒன்று சின்ன எண் என்று மூன்று வருடம் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு மாணவர்கூடக் கேட்டதில்லை. நல்ல மாணவர்கள்.

கெப்ளரிடம் பேசினேன். “அப்பா சொல்றபடி செய்” என்றார். அப்பாவுக்கே பயமாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்றேன். “அப்ப உனக்குச் சரின்னு பட்டதச் செய்” என்றார். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். சிக்னல் போய்விட்டது. மஸ்கட்டில் சிக்னல் சரியாக இந்த இடத்தில்தான் போகும்.

ஜூலை 16, புதன்

2.42. பதினைந்து நிமிடம்.

மாமாவிடம் கேட்டுவிட்டேன். குலதெய்வம் கணவர் வீட்டு வழி என்பதால் அவர் கூட்டிப் போனால்தான் உண்டு. கோயில் சிவகிரிப் பக்கம். நாற்பது வருடமாக அந்த ரோட்டில்கூட அவர் போனதில்லை.

“அக்காவுக்காகத்தானுங்க மாமா. எனக்கு நம்பிக்கை கிடையாது.”

“உனக்கு நம்பிக்கை இல்லீன்னா எதுக்குக் கண்ணு தண்ணியாக் கெடக்குது?”

“வெங்காயம் அரிஞ்சனுங்க.”

“இன்னைக்குக் கீரைதான?”

கொஞ்ச நேரம் சனிக்கிரகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய வாத்தியார் குரலில் ஆரம்பித்தார். “அம்மிணி, மனுசனுக்குக் கடைசியா ஒரு வார்த்தை வேணும். அந்தக் காலத்துல சாமி சொல்லுச்சு. இனிமே அறிவியல் சொல்லும். அந்த நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு, நாம வேற ஆள உக்கார வெச்சிருக்கறோம். அவ்வளவுதான் விசயம்.”

“சரிங்க மாமா. அந்த நாற்காலியில உக்காந்துட்டு அது என்ன சொல்லுது? ‘நூத்துல ஒண்ணு’ங்குது. சாமின்னா ‘போ, நான் பாத்துக்கறேன்’னு சொல்லும்.”

“அப்படி எந்தச் சாமி சொன்னதுக்குச் சாட்சி இருக்குது?”

“நாலு வீடு தள்ளி இருக்கற சரோஜாவுக்குச் சொல்லுச்சாமா.”

இதற்கு மாமா வாதத்தால் பதில் சொல்லவில்லை. சோதனை வைத்துவிடலாம் என்றார். ஒரு தடவை பூ கேட்டால் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும், பத்துத் தடவை கேட்டால் ஐந்து வெள்ளை, ஐந்து சிவப்பு, பூவுக்கு ஒன்றும் தெரியாது என்பது நிரூபணமாகிவிடும், அன்றே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அதுவரை படிவம் காத்திருக்க வேண்டியதாகிறது. தாமதம் மாமாவால்தான் டாக்டர்.

ஜூலை 18, வெள்ளி

2.42. பதினேழு நிமிடம். “நிமிடம் கூடுகிறது, படிவம் எங்கே?” என்று கேட்டீர்கள். ஞாயிறு.

ஜூலை 20, ஞாயிறு

முதலில் புடைப்பு: 2.45, பதினாறு நிமிடம்.

பொட்டலத்தை எடுக்க நடுநிலையான ஒரு கை வேண்டும் என்றார் மாமா. அவருக்கு நம்பிக்கையின்மை இருக்கிறது, எனக்கு, அக்காவுக்காக, கொஞ்சம் பதற்றம் இருக்கிறது. அதனால் மாடி வீட்டு ரெஜினா அக்காவைக் கேட்டோம். தூத்துக்குடிக்காரர், தபால் ஆபீசில் வேலை.

“யம்மா, எனக்குப் பாவமாயிராதுல்லா? எதுக்கும் எங்க ஃபாதர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்” என்று காலைப் பூசைக்குப் போனார். திரும்பி வந்து சொன்னார்: “ஃபாதர் என்னைய ஒரே கேள்விதான் கேட்டாவ. டாக்டர் என்ன சொன்னாருன்னு. நீங்க பூ போட்டுப் பாக்கியன்னு சொல்ல எனக்கு வாய் வரல பாத்துக்கிடுங்க.”

ஆதனைத் தூங்கவைத்துக் கதவைச் சாத்தினோம், அரளி விஷம் என்பதால். சிவப்பரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று. இரண்டும் ஒரே எடை வரும்வரை மாமா தராசில் வைத்து ஒவ்வோர் இதழாகக் கிள்ளினார். பொட்டலம் மடிக்கத் தன் பகுத்தறிவு மாத இதழின் பழைய பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தார். நான் சமையலறையில் மடித்துக் குலுக்கிக் கொண்டுவருவேன். ரெஜினா அக்கா எடுப்பார். மாமா பிரித்துக் குறிப்பார்.

முதல் பொட்டலத்தைத் தொடும் முன் ரெஜினா அக்கா கண்ணை மூடி உதட்டை அசைத்தார்.

“என்னுங்க பண்றீங்க?” என்றார் மாமா.

“ஒரு சின்ன ஜெபம்.”

“அதெல்லாம் கூடாதுங்க. சோதனை கெட்டுப்போயிரும்.”

“ஏன் சார், ஜெபத்தால ஒண்ணும் ஆகாதுன்னுதான சொல்லுவிய? ஆகாதுன்னா கெடாதுல்லா?”

மாமா “ஜெபத்துடன்” என்று குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

முதலாவது சிவப்பு. இரண்டாவது சிவப்பு. மூன்றாவது வெள்ளை. “பாத்தியா” என்றார். பிறகு சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஏழாவதைப் பிரிக்கும் முன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். சிவப்பு. எட்டாவது வெள்ளை. அப்புறம் இரண்டும் சிவப்பு.

எட்டு சிவப்பு, இரண்டு வெள்ளை.

ரெஜினா அக்கா, “நான் வேணா எடது கையால எடுத்துப் பாக்கட்டா?” என்றார்.

இதில் எதுவும் இல்லை டாக்டர். பத்துத் தடவையில் எட்டோ அதற்கு மேலோ ஒரே நிறம் வருவதற்கு ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தெருவில் ஒன்பது வீட்டில் இதைச் செய்தால் ஒரு வீட்டில் இப்படி வரும். அந்த இடத்திலேயே கணக்குப் போட்டு மாமாவிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கி, “கணக்கு சரி” என்றார். பிறகு சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

நான் சாப்பிட்டேன். கொஞ்சம்.

கையை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் ஆதனைத் தூக்கினேன்.

ஜூலை 21, திங்கள்

உங்களிடமிருந்து இரண்டு பதில்கள். 6.02க்கு “எட்டா?” 6.03க்கு “படிவம்.”

மாமா விடிகாலையே ஆதனின் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெருந்துறையில் ஒரு டாக்டர், கோயம்புத்தூரில் இரண்டு டாக்டர். மூவரும் நீங்கள் சொன்னதையே சொன்னார்களாம்: செய்யுங்கள், சீக்கிரம் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்குத் திரும்பிச் செருப்பைக்கூடக் கழற்றாமல், “சேலத்துல ஒருத்தர் இருக்கறாராமா” என்றார். அறுபடை வீடு மாதிரி ஆறு பேரையும் தரிசித்துவிட்டுத்தான் ஓய்வார் போலிருக்கிறது. அறிவியலில் சந்தேகப்படுவதும் ஒரு வழிமுறை என்கிறார்.

நான் என்ன செய்ய முடியும்? என் பக்கம் எல்லாம் தயார், கையெழுத்தைத் தவிர.

2.51. இருபத்திரண்டு நிமிடம்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் நீங்களே இருந்தீர்கள். ஆனாலும் நோட்டில் இருக்க வேண்டும் அல்லவா.

மாலை 4.15: புடைப்பு. போகவில்லை. 4.40: போகவில்லை, கல் மாதிரி. ஒரு முறை வாந்தி. அளக்கவில்லை. மாமா காலிப்பரை எடுக்கவே இல்லை.

ஆட்டோவில் ஆதன் கத்திய கத்தலில் எனக்கு ஒரு எண்ணும் நினைவில் இல்லை. ஆட்டோவில் சாமி படம் இருந்தால் மாமா டிரைவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுக்காமல் இறங்க மாட்டார். இன்று வண்டி பள்ளத்தில் இறங்கியபோது படத்தின் மேலிருந்து செவ்வந்திப் பூ கீழே விழுந்தது. மாமா அதை எடுத்துப் பழையபடி படத்தின் மேல் வைத்தார். வைத்துவிட்டு விழாமல் விரலால் ஆஸ்பத்திரி வரை பிடித்துக்கொண்டே வந்தார். வண்டி குலுங்கியதால் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார்.

நீங்கள் அரை மணி நேரம் மெதுவாக அழுத்தி உள்ளே அனுப்பினீர்கள். ஆதன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். நான் உங்களிடம் கேட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணுங்க டாக்டர்” என்றேன்.

“சத்தியம் பண்ண முடியாதும்மா. செய்யாம விட்டா என்ன ஆகும்னு இன்னைக்கு நீங்களே பாத்துட்டீங்க. வியாழக்கிழமை காலைல ஏழு மணி. நாளைக்குள்ள படிவம் வரணும்.”

அப்போது மாமா, “எட்டு மணிக்கு வெச்சுக்கலாங்களா டாக்டரம்மா? காலையில ட்ராஃபிக்” என்றாரே, நினைவிருக்கிறதா? காலை ஆறரைக்கு ஈரோட்டில் என்ன ட்ராஃபிக்? வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். வியாழன் எமகண்டம் ஆறிலிருந்து ஏழரை. தினமும் அந்த வரியை அடிக்கிறவர் அடிப்பதற்கு முன் படிக்கத்தானே வேண்டும். ஈரோட்டில் ஒரு நாள் விடாமல் எமகண்டம் பார்க்கிற ஒரே ஆள் என் மாமனாராகத்தான் இருப்பார்.

நீங்களும் எட்டு என்று மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். எட்டு மணி எனக்கும் வசதி.

ஜூலை 23, புதன்

புடைப்பு இல்லை. நல்ல பிள்ளையாக இருந்தான்.

காலையிலிருந்து படிவத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். மதியம் மாமா எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அம்மிணி, உங்கத்தைக்குப் பித்தப்பையில ஆபரேஷன் பண்ணினோம், உனக்குத் தெரியுமல்ல?”

தெரியும் என்றேன்.

“அவ பூ கேக்கோணும்னா. மூணு நாள் கேட்டா. நான் போக உடலை. சிரிச்சேன். ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் ஒம்பது வருசம் நல்லா இருந்தா. வேற நோவுலதான் போனா. நான் சொன்னதுதான் சரி.” மேசை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவினார். “ஆனா தள்ளுவண்டியில படுக்க வெச்சு உள்ள கூட்டிட்டுப் போறப்ப என்ற முகத்தப் பாத்தா பாரு. அவ்வளவு பயம். பூ கேட்டிருந்தா பயமில்லாமப் போயிருப்பா. சரியாச் சொன்ன எனக்கு அது தோணலை.”

ஆதன் மேசைக் காலைப் பிடித்து நின்று பார்த்தான், விழுந்தான், மறுபடி நின்றான்.

“ஆட்டோ வரச் சொல்லட்டுமா? சிவகிரிக்கு ஒண்ணேகால் மணி நேரம். உனக்காக நான் வாறேன். வெளிய நிக்கறேன்.”

“போனா வெள்ளை வரட்டும், கையெழுத்துப் போடறேனுங்க. செவப்பு வந்தா?”

யோசித்தார். “அப்பவும் போட்டுத்தான் ஆகோணும். நேத்துப் பாத்தமல்ல.”

“அப்புறம் எதுக்குங்க மாமா கேக்கறது?”

“அதான” என்றார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, “நான் போடட்டுமா கையெழுத்து? எனக்கு வயசாச்சு. என்ன ஆனாலும் என்ற தலையில போகட்டும்” என்றார்.

படிவத்தைத் திருப்பிக் காட்டினேன். தாய் அல்லது தந்தை என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. தந்தைக்குச் சிக்னல் இல்லை.

டாக்டர், இரண்டு வாரமாக யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். மாமாவால் தாமதம் என்று எழுதினேன், அது சரியில்லை. நீங்கள் நூற்றில் ஒன்று என்றீர்கள், பூ பத்தில் எட்டு என்றது, அக்கா ஒன்று, கெப்ளர் ஒன்று. எல்லாரும் சொன்னார்கள். சாமியோ அறிவியலோ, அந்தப் படிவத்தில் யாருக்கும் கோடு போட்டு இடம் விடவில்லை. கீழே ஒரே ஒரு கோடு, என் பெயருக்கு.

3.20க்குப் போட்டேன். கோகிலவாணி என்பதில் ‘ணி’ கோட்டுக்கு வெளியே போய்விட்டது, செல்லும்தானே? சாட்சி என்ற இடத்தில் மாமா போட்டார். ரொம்ப நாள் கழித்து முழுப் பெயர் எழுதினார்: மா. மெய்யறிவன் (எ) மாரிமுத்து. சட்டப்படி இரண்டும் வேண்டும் என்றார். நான் கேட்கவில்லை.

நாலரைக்கு நர்ஸ் கையில் கொடுத்துவிட்டோம். அவர் படிவத்தின் மடிப்பைப் பிரித்து, “உள்ள ஒரு காசு முடிச்சு இருக்குதும்மா” என்று திருப்பிக் கொடுத்தார். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “ரூவா காசு கெடைக்கறதே கஷ்டம், பத்தரமா வெச்சுக்க” என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 24, வியாழன், விடியற்காலை 4.20

டாக்டர், ஆபரேஷன் எட்டு மணிக்கு என்பதால் நான்கு மணிக்கு மேல் தாய்ப்பால் கூடாது என்று சொன்னீர்கள். மூன்றேமுக்காலுக்கே எழுப்பினேன். எழவில்லை. 3.52க்குத்தான் குடிக்க ஆரம்பித்தான். சரியாக நான்கு மணிக்கு எடுத்தேன், விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். நான்கு ஏழுக்குத்தான் விட்டான்.

ஏழு நிமிடம் அதிகம்.

மாமா குளித்து, சலவைச் சட்டை போட்டு, கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரவு முழுவதும் அங்கேதான் இருந்தார் போலிருக்கிறது. சொன்னேன். “நாலு மணி நேரத்துல ஏழு நிமிசம்னா மூணு சதவீதந்தான் அம்மிணி, பிழை வரம்புக்குள்ளதான்” என்றார். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து வந்து, “எதுக்கும் டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுரு” என்றார். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அவன் தூங்குகிறான். புடைப்பு இல்லை. நாங்கள் ஏழு மணிக்கு அங்கே இருப்போம்.

ஏழு நிமிடம் பரவாயில்லையா, ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டுமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.